பதினெட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

திருப்பூர் மாவட்டம் குன்னத்தூர் சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனி வாசலுக்கு வேலை கேட்டு வரும் எந்தப் பையனும் தன் வயதைக் குறைத்துச் சொல்லமாட்டான். "பதினெட்டு ஆச்சுங்க" என்பதுதான் பதில். பதினாறு முடியாதவனும் அதையே சொல்வான். ஏற்றுமதி செய்கிற பெரிய கம்பெனியில் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர்கள் வயதுச் சான்றைப் புரட்டுவார்கள். ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டில் அவ்வளவு கெடுபிடி இருக்காது. பிசிறு வெட்டவும் பீஸ் அடுக்கவும் கை கிடைத்தால் போதும். எங்கே போனாலும் பதினெட்டு என்று சொன்னால்தான் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும் என்பது அந்தப் பையனுக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வயது அது.

அதே பையன் ஒரு ராத்திரி அடிதடியிலோ செல்போன் பறிப்பிலோ மாட்டிக்கொண்டால், காவல் நிலையத்தில் எழுத்தர் வயதைக் கேட்கும்போதும் அந்தப் பழகிய பதில்தான் வரும். ஆள் கொஞ்சம் வாட்டசாட்டமாக, அரும்பு மீசையோடு இருந்தால் கைதுக் குறிப்பில் 'வயது சுமார் 19' என்று ஏறிவிடும். அந்த ஒரு சொல்லால் அவன் போகும் பாதையே மாறுகிறது. பதினெட்டுக்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம், நன்னடத்தை அலுவலர், அதிகபட்சம் மூன்றாண்டு. மேல் என்றால் மாஜிஸ்திரேட், ரிமாண்ட், சிறை, ஊரறிந்த வழக்கு. சிறார் நீதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் தண்டனை போதுமா போதாதா என்றே வாதாடுகிறோம். அநீதியில் பெரும்பங்கு அதற்கு வெகு முன்னால், வயது எழுதப்படும் அந்த முதல் நாளிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

சட்டம் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சிறாருக்கென்று தனிச் சட்டம் முதலில் போட்ட மாகாணம் நம்முடையது. 1920இன் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்த பிறகுதான் வங்காளமும் பம்பாயும் அந்த வழியில் வந்தன. நாடு முழுமைக்குமான சட்டம் 1986இல் வந்தது. அதில் ஆண் பிள்ளைக்கு எல்லை 16, பெண் பிள்ளைக்கு 18. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்டதன் தொடர்ச்சியாக, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்று ஆக்கியது. 2015இல் வந்து 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இப்போதைய சட்டம் அந்த 18ஐ வைத்துக்கொண்டே, 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களுக்குப் பெரியவர்களின் விசாரணை முறைக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. எந்த நாளில் இருந்த வயதைப் பார்ப்பது என்பதிலும் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. நீதிமன்றத்தில் நிறுத்திய நாளின் வயதே கணக்கு என்று 2000இல் ஒரு தீர்ப்பு சொன்னது. காவல்துறை தாமதமாகப் பிடித்தால் பிள்ளை பெரியவனாகிவிடும் விபரீதம் அதில் இருந்தது. 2005இல் பிரதாப் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, குற்றம் நடந்த நாளின் வயதே செல்லும் என்று நிலைநாட்டியது. இன்றுவரை அதுதான் விதி.

அந்த நாளில் அவனுக்கு என்ன வயது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 2015 சட்டத்தின் 94ஆம் பிரிவு படிப்படியாக வழி சொல்கிறது. பார்த்த மாத்திரத்திலேயே பிள்ளை என்று தெரிந்தால், குழுமம் அதைப் பதிவுசெய்துவிட்டு மேலே போகலாம். சந்தேகம் இருந்தால் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோ பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்பு முதிர்வு சோதனை போன்ற மருத்துவப் பரிசோதனை; உத்தரவிட்ட 15 நாளுக்குள் அது முடிய வேண்டும். தாளுக்கு முதல் இடம், உடம்புக்குக் கடைசி இடம்.

தாளை நம்புவது சரிதான். ஆனால் தாள் எழுதப்பட்ட விதத்தை நம் ஊர் அறியும். கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்தாக வேண்டுமே என்று தலைமையாசிரியர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டு எழுதினார். ஐம்பது வயதைக் கடந்த தமிழர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் ஒரு பிறந்த நாள், சர்டிபிகேட்டில் இன்னொன்று. இன்று பதினேழில் இருக்கும் உள்ளூர்ப் பையனின் நிலை அப்படியில்லை. அவன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், பிறப்பு பதிவாகியிருக்கும். குன்னத்தூரில் ஒரு சின்னச் சிக்கல் மட்டும் மிச்சம். திருப்பூர் மாவட்டம் 2009 பிப்ரவரியில்தான் உருவானது. அதுவரை இந்த ஊர் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. 2008இல் பிறந்தவனின் பிறப்புச் சான்றிதழில் ஈரோடு மாவட்டம் என்றும், பள்ளிப் பதிவேட்டில் திருப்பூர் மாவட்டம் என்றும் இருக்கும். விவரம் தெரியாத ஒரு அரசுத் தரப்பு, இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று கேட்டு வைத்தால், பனியன் கம்பெனியில் சிப்டு பார்க்கும் அம்மா எந்த ஆபீசுக்கு நடப்பார்?

பள்ளித் தாள்களிலும் எல்லாம் செல்லாது. தமிழ்நாட்டுப் போக்சோ வழக்கு ஒன்றில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பக்கத்து வக்கீல்கள் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம். அங்கே கேள்வி பாதிக்கப்பட்ட பெண்ணின் வயது. ஆனால் அதற்கும் இதே 94ஆம் பிரிவைத்தான் நீதிமன்றங்கள் கைக்கொள்கின்றன. அரசுத் தரப்பு டி.சி.யைக் கொண்டுபோய்க் கொடுத்தது. மாற்றுச் சான்றிதழ் என்பது சட்டம் கேட்கிற 'பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ்' ஆகாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. கதிரியக்க மருத்துவரின் கணிப்போ பதினெட்டுக்கு மேல் என்று இருந்தது. தண்டனை ரத்தானது. நம் வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருப்பது பெரும்பாலும் டி.சி.தான். அதையே பெரிய ஆதாரமாக நம்பிக் கோர்ட்டுக்கு எடுத்துவரும் பெற்றோருக்கு இந்த விவரத்தை யாராவது முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். ஆதாரும் இப்படித்தான். பிறந்த தேதிக்கு ஆதார் அட்டை ஆதாரம் ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆண்டு மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிவான அட்டைகள் தொழிலாளர் விடுதிகளில் ஏராளம்.

உள்ளூர்ப் பையனுக்கே இவ்வளவு பாடு என்றால், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்து ஊத்துக்குளி, பெருந்துறை, அவிநாசி பக்கம் வேலைக்கு இருக்கும் பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவன் மூன்றாம் வகுப்போடு நின்றிருப்பான். அந்தப் பள்ளி எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும். அப்பா வேறொரு மாநிலத்தில் கட்டட வேலையில் இருப்பார். அவன் கையில் இருப்பது ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த அட்டையும் அதில் கூட்டி எழுதிய வயதும்தான். வேலை கிடைக்க உதவிய அந்தத் தேதி வழக்கில் அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. தமிழ் தெரியாதவனிடம் தமிழில் வயது கேட்டு, தலையாட்டியதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

தாள் எதுவும் இல்லாத இவனைத்தான் கடைசியில் எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போகிறார்கள். வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளில் முனைகள் தனியாக இருக்கும். வளர்ச்சி முடியும்போது அவை நடுத்தண்டோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கையில் இது முன்னதாக நடக்கும். மணிக்கட்டிலும் தோளிலும் அதற்குப் பிறகு. இடுப்பெலும்பின் விளிம்பு இன்னும் தாமதம். காறை எலும்பின் உள்முனை இருபதுகளில்தான் முழுதாக ஒட்டும். எது ஒட்டியிருக்கிறது, எது ஒட்டவில்லை என்று பார்த்து, பற்களையும் பார்த்து, மருத்துவர் ஒரு வீச்சைச் சொல்வார்: பதினேழுக்கு மேல், பத்தொன்பதுக்குக் கீழ் என்பதுபோல. அந்த வீச்சின் நடுவில்தான் பதினெட்டு உட்கார்ந்திருக்கிறது.

மருத்துவர் மீது குறையில்லை. அவருடைய கையில் இருக்கும் அளவுகோல்கள் அப்படி. இந்தியத் தடயவியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கால்ஸ்டானின் ஆய்வு 1937இல் வெளியானது, வங்காளத்தில் செய்தது. உலகெங்கும் கைகளின் எக்ஸ்ரேயை ஒப்பிட வைத்திருக்கும் கிரூலிக், பைல் படத்தொகுப்பு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளின் படங்களிலிருந்து உருவானது. அரை வயிற்றுக் கஞ்சியில் வளர்ந்த உடம்பின் எலும்பு வேறு வேகத்தில் முதிரும். 1982இல் ஜெயமாலா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இந்தச் சோதனையில் இரு பக்கமும் இரண்டு ஆண்டு வரை பிசகலாம் என்று குறிப்பிட்டது. முதிர்ந்தவர்களுக்கு, அதாவது முப்பது நாற்பது வயதில் ஜெயிலில் இருப்பவருக்கு, இந்தச் சோதனை இன்னும் பயனற்றது என்று 2017இலும் 2021இலும் வந்த தீர்ப்புகள் சொல்லின. எலும்பு ஒருமுறை ஒட்டிய பிறகு எப்போது ஒட்டியது என்று அதனிடம் கேட்க முடியாது.

பிசகு யார் பக்கம் போக வேண்டும்? 2007ஆம் ஆண்டு விதிகளில் மருத்துவர் சொல்லும் வயதில் ஓராண்டு வரை குறைத்துப் பிள்ளைக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. 2015 சட்டத்தின் 94ஆம் பிரிவில் அந்த வரி இல்லை. அதை எடுத்தது பெரிய பிழை என்பது என் கருத்து. நல்லவேளையாக, 2021 நவம்பரில் ரிஷிபால் சிங் சோலங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்புகளையெல்லாம் தொகுத்து, விளிம்பில் நிற்கும் வழக்கில் இரு விதமாகவும் எடுத்துக்கொள்ள இடமிருந்தால் பிள்ளை என்ற பக்கமே சாய வேண்டும், அளவுக்கு மீறி நுணுக்கம் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. சட்டத்தில் இல்லாததைத் தீர்ப்பு காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பைப் படித்த வக்கீல் கிடைத்த பையனுக்கு அது உதவும்.

முதல் நாளில் விட்டதைப் பின்னால் பிடிக்க முடியுமா? முடியும் என்கிறது சட்டம். 'அப்போது நான் சிறுவன்' என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு கடைசியாக முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். 2006 திருத்தம் தந்த இந்த உரிமையை 2015 சட்டம் 9ஆம் பிரிவில் வைத்துக்கொண்டது. 2012இல் அபுசார் உசேன் வழக்கு அதற்கு வழிமுறை வகுத்தது. ஆனால் தாமதமாக வந்த நீதி எப்படி இருக்கும் என்பதற்கு 2025 ஜனவரி 8ஆம் தேதி வந்த தீர்ப்பு ஒன்று போதும். எழுதியவர் நம் ஈரோட்டில் பிறந்த நீதிபதி எம்.எம். சுந்தரேஷ், உடன் அமர்ந்தவர் நீதிபதி அரவிந்த் குமார்.

1994இல் டேராடூனில் நடந்த கொலை வழக்கு அது. குற்றவாளி என்று நிறுத்தப்பட்டவனுக்கு அப்போது வயது 14. விசாரணை நீதிமன்றத்திலேயே அவன் தன் வயதைச் சொன்னான். அவனுக்கு வங்கியில் கணக்கு இருந்தது. கணக்கு வைத்திருப்பவன் மேஜராகத்தான் இருப்பான் என்று சொல்லி அந்த வாதம் தள்ளப்பட்டது. மைனரும் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பின்னாளில் தகவலாக வாங்கி வைக்க வேண்டிய நிலை. தூக்குத் தண்டனை. மேல்முறையீடு, சீராய்வு, மறுசீராய்வு எல்லாம் தோற்றன. 2012இல் குடியரசுத் தலைவர் தூக்கை ஆயுளாகக் குறைத்தார். 60 வயது வரை விடுதலை இல்லை என்ற நிபந்தனையோடு. பள்ளிச் சான்று, மருத்துவச் சோதனை எல்லாம் அவன் சொன்னதே சரி என்று காட்டின. கடைசியில் உச்ச நீதிமன்றம், இந்த அநீதி நீதிமன்றங்களாலேயே நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டு அவனை விடுவித்தபோது, சுமார் 25 ஆண்டு சிறையில் கழிந்திருந்தது. சட்டப்படி அவனுக்கு அதிகபட்சமாகக் கிடைத்திருக்கக்கூடியது மூன்றாண்டு.

இதற்கு முன்பு 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பும் இதே வகை. 1994 புணே கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவர், சம்பவத்தன்று பன்னிரண்டரை வயதுப் பையன் என்பது ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. அந்தப் பதிவேட்டில் இருந்த பெயருக்கும் வழக்கில் எழுதிய பெயருக்கும் வேறுபாடு. 28 ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: குற்றம் செய்தான் என்ற முடிவு நிற்கும், தண்டனை மட்டும் ரத்தாகும். ஆள் வெளியே வருவார். வெளியே வருபவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழியில்லை.

இவை கடைசி வரை போராடத் தெரிந்தவர்களின், அல்லது யாரோ போராடித் தந்தவர்களின் கதைகள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் சேகரித்த விவரங்களைக் கொண்டு 2024இல் ஐபுரோபோனோ அமைப்பு வெளியிட்ட ஆய்வு, 2016 முதல் 2021 வரையிலான ஆறு ஆண்டுகளில் குறைந்தது 9,681 சிறார்கள் பெரியவர்களின் சிறைகளில் தவறாக அடைக்கப்பட்டிருந்தார்கள் என்று கணக்கிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் நிலையத்தில், ஏதோ ஒரு ராத்திரி, 'சுமார் 19' என்று எழுதியிருப்பார்கள்.

இனி தண்டனைக்கு வருவோம். பிள்ளை என்று தீர்மானமான பிறகு குற்றங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சம் மூன்றாண்டு வரை தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள். சாதாரணத் திருட்டு இதில் வரும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவை. நடுவில் இருப்பவை கடுங்குற்றங்கள். அதிகபட்சம் பெரிதாக இருந்தும் குறைந்தபட்சம் சொல்லாத குற்றங்களை எங்கே வைப்பது என்ற குழப்பத்தை 2020 ஜனவரியில் ஷில்பா மிட்டல் வழக்கு தீர்த்தது: அவை கொடுங்குற்றம் ஆகா. 2021 திருத்தம் அதையே சட்டமாக்கியது. வழிப்பறியும் கொலை முயற்சியும் இதனால் நடு வகையில் நிற்கின்றன. அவற்றில் எந்தப் பையனையும் பெரியவனாக விசாரிக்க முடியாது.

பதினாறுக்குக் கீழ் இருப்பவன் எந்தக் குற்றம் செய்திருந்தாலும் குழுமமே விசாரிக்கும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோரோடு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாகச் சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு வரை. இது குறைவு என்று கோபப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மகளை இழந்த தாய் 'மூணு வருசமா?' என்று கேட்டால் அதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. 2012 டிசம்பர் 16 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் பதினெட்டுக்குச் சில மாதம் குறைந்த ஒருவன் இருந்ததும், 2013 ஜனவரியில் குழுமம் பள்ளிப் பதிவேட்டைக் கொண்டு அவனைச் சிறுவன் என்று முடிவுசெய்ததும், மூன்றாண்டு முடிந்து 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்ததும், அடுத்த இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியதும் நாடறிந்த கதை. அந்தக் கோபத்தின் நடுவிலும், சட்டத் திருத்தம் பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு வயதைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றமும் வயது எல்லையில் கை வைக்க மறுத்தது. அந்த நாட்களில் நாட்டின் மொத்த இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்களில் சிறார்களின் பங்கு 1.2 சதவீதம்தான்.

கோபம் கொண்டுவந்தது 15ஆம் பிரிவு. 16 முடிந்த, 18 முடியாத ஒருவன் மேல் கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், குழுமம் மூன்று மாதத்துக்குள் ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றம் செய்யும் உடல், மன வலிமை அவனுக்கு இருந்ததா, விளைவு தெரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான். பார்த்துவிட்டு, பெரியவனைப் போல விசாரிக்கலாம் என்று நினைத்தால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு, அதாவது அமர்வு நீதிமன்றத்துக்கு, அனுப்பலாம். அங்கேயும் தூக்கும், விடுதலைக்கு வழியில்லாத ஆயுளும் விதிக்க முடியாது. 21 வயது வரை பாதுகாப்பிடத்தில் வைத்து, பிறகு திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, விடலாம் அல்லது மீதி நாளைக் கழிக்கச் சிறைக்கு அனுப்பலாம்.

எலும்புக்காவது எக்ஸ்ரே இருக்கிறது. மாதக்கணக்கில் கழிந்த பிறகு, கூர்நோக்கு இல்லத்தில் பயந்து உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்து, அன்றைக்கு ராத்திரி அவன் மனது எத்தனை முதிர்ந்திருந்தது என்று அளக்க என்ன கருவி இருக்கிறது? 2017 குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தை உளவியலில் தேர்ந்தவர் குழுமத்திலேயே இல்லாதபோது வெளியிலிருந்து நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. நிபுணர் மட்டும் எங்கிருந்து வருவார்? மாவட்டத் தலைநகரங்களிலேயே குழந்தை மனநல மருத்துவர்கள் அரிது. எனவே பல இடங்களில் ஒரு நுண்ணறிவுச் சோதனை, சில கேள்விகள், 'விளைவு தெரியும்' என்ற ஒரு வரி என்று மதிப்பீடு முடிகிறது. கொலை தவறு என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடத்தில் நிறுத்த முடியாமல் போவதுதான் அந்த வயது.

இந்த மதிப்பீட்டைச் செய்யாமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் மாவட்டத்திலிருந்து போன ஒரு வழக்கு சாட்சி. 2016இல் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பதினாறு முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த வயது யாருக்கும் தெரியாத விஷயமும் அல்ல. ஆனாலும் குழுமத்தின் முதல்நிலை மதிப்பீடு எதுவும் இல்லாமல் வழக்கு நேராக அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது, தண்டனையும் விதித்தார்கள், உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்ன படிகளையெல்லாம் தாண்டிப் போன இந்த விசாரணை அடியோடு செல்லாது என்றது. அதற்குள் அவனுக்கு இருபத்து மூன்று கடந்துவிட்டது. மறுபடி குழுமத்துக்கு அனுப்பியும் பயனில்லை என்று விடுவித்தார்கள். அந்தச் சிறுமியின் பெற்றோருக்குக் கிடைத்தது என்ன? உண்மை என்ன என்பதைச் சட்டப்படி நிறுவிய ஒரு தீர்ப்புகூட இல்லை. வயது சார்ந்த நடைமுறையைக் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். அந்த நடைமுறை தவறியதால் முதலில் நஷ்டப்பட்டது பாதிக்கப்பட்ட குடும்பம்.

நம் தொழில் வட்டாரத்தில் 15ஆம் பிரிவு இன்னொரு இடத்தில் கடிக்கிறது. நூற்பாலை விடுதியிலும் கம்பெனி வேனிலும் பழகி, பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் ஊரைவிட்டுப் போவது இங்கே புதிய செய்தி அல்ல. பெண்ணின் வீட்டார் புகார் கொடுத்தால் அது போக்சோ. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் ஊடுருவும் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு. எனவே கணக்கின்படி அது கொடுங்குற்றம். கொலைகாரனுக்கு நடக்கும் அதே முதல்நிலை மதிப்பீடு அந்தக் காதலனுக்கும் நடக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. பார்த்திபன் 2019இல் இந்த வயது எல்லையை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். 2021 ஜனவரியில் ஈரோட்டுப் போக்சோ வழக்கு ஒன்றை ரத்து செய்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்து உறவுகளை இந்தச் சட்டம் குறிவைக்கவில்லை என்று விரிவாக எழுதினார். நாடாளுமன்றம் இன்னும் அசையவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிறாருக்குத் தண்டனை குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு, கூலிப்படைகள் பையன்களின் கையில் அரிவாளைக் கொடுக்கின்றன. அப்படிப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை தண்டனை தர 83ஆம் பிரிவு இருக்கிறது. அதை வழக்கில் சேர்க்க வேண்டியது காவல்துறை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. அந்தச் சாதி வெறி அவர்களாகக் கண்டுபிடித்ததல்ல. வீடும் ஊரும் கொடுத்தது. பையன்களை நீண்ட நாள் உள்ளே வைத்தால் அது போய்விடும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தென்படவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரிந்ததே. 2022இன் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு இறந்தான். அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2023இல் அறிக்கை தந்தது.

நீண்ட தண்டனையால் ஆகாததைச் செய்ய இந்தச் சட்டத்திலேயே வேறு வழிகள் இருக்கின்றன. முதலில் சமூகப் பின்னணி அறிக்கை: அப்பா குடிக்கிறாரா, பள்ளியை எப்போது விட்டான், எந்தக் கம்பெனியில் என்ன வேலை, யாருடன் பழக்கம். பையனின் முழு வாழ்க்கையும் வழக்குக்குள் வருவது இந்த ஒரு தாளில்தான். அடுத்தது 24ஆம் பிரிவு: குழுமத்தில் தண்டனை முடித்தவனுக்கு அந்த வழக்கால் எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது, பதிவேடுகள் உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும். 'உன் மேல கேஸ் இருக்குதாமே' என்று கம்பெனி சூப்பர்வைசர் கேட்கக்கூடாத நிலை அது. காவல் நிலையப் பட்டியலில் பெயர் நின்றுவிட்டால், அந்தப் பிரிவு புத்தகத்தில் மட்டும் இருக்கும்.

இவை எல்லாம் அவன் பிள்ளை என்று முதலில் தெரிந்தால்தான் கிடைக்கும். பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் சட்டப்படி அவனைக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்த 24 மணி நேரத்தில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வயதை அவன் வாயால் கேட்டு எழுதுவதோடு நிறுத்தாமல், எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேட்பது. காலையில் ஒரு காவலரை அந்தப் பள்ளிக்கு அனுப்பி, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் டி.சி.க்குப் பதில் பிறந்த தேதிச் சான்றிதழாகவே வாங்கி வருவது. வெளிமாநிலப் பையன் என்றால் அவன் மொழி பேசும் ஒருவரை வைத்துக் கேட்பது. அவனுடைய சொந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு அவன் படித்த பள்ளியைத் தேடுவது. தாள் வரும் வரை சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்து, சிறைக்கு அனுப்பாமல் இல்லத்தில் வைப்பது. ரிமாண்ட் கேட்கும்போது மாஜிஸ்திரேட் எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்ப்பது. பிள்ளை என்று தோன்றினால் வயது விசாரணைக்கு அன்றே உத்தரவிடுவது.

2024 ஜனவரியில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு நாடு முழுவதும் சிறைகளுக்குள் போய், குற்றம் நடந்த அன்று பதினெட்டு ஆகாதிருந்தவர்களைத் தேடும் இயக்கம் ஒன்றை நடத்தியது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல்கள் ஒவ்வொரு கைதியிடமும் எந்த ஆண்டு பிறந்தாய், எங்கே படித்தாய் என்று கேட்டு விண்ணப்பம் எழுதினார்கள். அந்த வக்கீல்களில் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் குன்னத்தூர் போன்ற ஊரின் காவல் நிலையத்திலும், பனியன் கம்பெனிகள் நிறைந்த மற்ற நிலையங்களிலும் உட்கார வைக்க இன்னொரு சட்டம் தேவையில்லை. மாவட்ட நீதிபதியின் ஓர் உத்தரவு போதும்.